வானத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் குழாயோரம் நடக்க வேண்டியதில்லையா?

வாசகர் கேள்வி: பிப்ரவரி 3, காலை 9.40

எண்ணெயும் எரிவாயுவும் போகும் குழாய்ப் பாதைகளுக்கு மேல் இப்போது விமானமும் ட்ரோனும் பறந்து படம் எடுக்கின்றன. ஒரு சாண் நிலம் விடாமல் எல்லாம் படத்தில் இருக்கிறது. பிறகும் எதற்கு ஆட்களை நடக்க விடுகிறார்கள்? ஆய்வாளர் தணிக்கைக்கு வரும்போது படத்தை எடுத்துப் போட்டால் பாதுகாப்பு விதிப்படி நடந்ததாக ஆகிவிடாதா? இந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, மாலை 6.15

இருந்தவன் சொல்கிறேன். ஆறு வருடம் சிறு விமானத்தில் விமானிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குழாய்ப் பாதையைப் பார்த்துக்கொண்டே போனேன். பிறகு ஐந்து வருடம் மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்து வந்த படங்களைப் பார்த்தேன்.

ஒரே சொல்லில் பதில்: போதும். அமெரிக்க விதியை எடுத்துக்கொள்கிறேன், நான் வேலை பார்த்த ஒப்பந்தங்கள் அதைப் பார்த்தே எழுதப்பட்டவை. எண்ணெய், பெட்ரோல் போன்ற திரவம் போகும் குழாய் என்றால், அதன் மேலும் பக்கத்திலும் உள்ள நிலத்தை மூன்று வாரத்துக்கு மிகாத இடைவெளியில் பார்வையிட வேண்டும். நடந்து போகலாம், வண்டியில் போகலாம், பறக்கலாம், பொருத்தமான வேறு வழியிலும் போகலாம். பறப்பது விதியிலேயே இருக்கிறது. 300 கிலோமீட்டர் பாதையை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். நடந்தால் எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வெயில், நாய், முள்வேலி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 11.05

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். படுத்த பிறகு உறுத்தியது. மூன்று வாரம் என்பது அந்த வரியின் முதல் பாதி. மறுபாதி: ஆண்டுக்குக் குறைந்தது 26 முறை. 21 நாளுக்கு ஒரு முறை பறந்தால் ஆண்டுக்கு 17 முறைதான் தேறும். ஆகவே நடைமுறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பறக்க வேண்டும். மிச்சமுள்ள ஒரு வாரம் மேகத்துக்கும் மழைக்கும் விட்ட சலுகை. எங்கள் மேலாளர் ஒருவர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, விமானச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடித்ததாக நான்கு மாதம் மகிழ்ச்சியாக இருந்தார்.

எரிவாயுக் குழாய்க்குக் கணக்கு வேறு. வீடுகள் குறைந்த இடத்தில் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தாலே விதி திருப்தியடைந்துவிடும். அதைப் பிறகு எழுதுகிறேன், அதில் ஒரு கதை இருக்கிறது.

பிப்ரவரி 5, மாலை 7.30

"ஒரு சாண் விடாமல்" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சாணுக்கு எத்தனை பிக்சல் என்று பார்ப்போம்.

கேமராவுக்குள் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான், லென்ஸின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர், பறக்கும் உயரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஒரு பிக்சல் 4.8 சென்டிமீட்டருக்கு நிற்கும். ஐந்து என்றே சொல்வோம். சாணுக்கு நாலரை பிக்சல். நன்றாகத்தான் இருக்கிறது, விமானம் அசையாமல் நின்றால். அதுவோ நொடிக்கு 50 மீட்டர் ஓடுகிறது. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி திறந்து மூடுவதற்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு பிக்சல் முழுவதும் இழுபட்டுப்போகும்.

இரவில் பார்க்கும் கருவிகளுக்காக 1958இல் ஜான் ஜான்சன் என்பவர் வகுத்த அளவுகோல் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பொருளின் குறுகிய பக்கத்தில் இரண்டு பிக்சல் விழுந்தால் "ஏதோ இருக்கிறது" எனலாம். எட்டு விழுந்தால் அது வண்டியா ஆளா என்று வகை சொல்லலாம். பதின்மூன்று விழுந்தால் இன்ன வண்டி என்று சொல்லலாம். இது நல்ல வெளிச்சத்தில், பழகிய கண்ணுக்கு, ஏறத்தாழ. வழக்கமான பொக்லைனின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் படத்தில் அது ஐம்பது பிக்சல், வாளியில் மண் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கலாம்.

ஆனால் குழாய் போகும் இடத்தைக் காட்டும் எச்சரிக்கைக் கம்பம் பத்து சென்டிமீட்டர் அகலம்தான். மேலிருந்து பார்த்தால் நான்கு பிக்சல் கொண்ட ஒரு புள்ளி. அது கம்பமா, கல்லா, யாரோ விட்டுப்போன வாளியா என்று அந்தப் புள்ளியை எத்தனை பெரிதாக்கினாலும் தெரியாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்ன உபாயம்: கம்பத்தைத் தேடாதே, நிழலைத் தேடு. சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருந்தால் 1.2 மீட்டர் கம்பத்தின் நிழல் இரண்டு மீட்டர் நீளும். இரண்டு பிக்சல் அகலத்தில் நாற்பது பிக்சல் நீளக் கோடு. இயற்கையில் அப்படி நேராக எதுவும் படுத்திருக்காது. கம்பம் சாய்ந்திருந்தால் நிழலின் திசை மற்ற கம்பங்களோடு ஒத்துப்போகாது. நட்டநடுப்பகலில் எடுத்த படத்தை எங்கள் மேசையில் யாரும் விரும்பியதில்லை.

பிப்ரவரி 6, காலை 8.10

"செயற்கைக்கோள் படம் இலவசமாகவே கிடைக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிடைக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் மிக நுணுக்கமான பிக்சலே 10 மீட்டர். பொக்லைன், அதன் ஓட்டுநர், அவர் மதிய உணவு, பக்கத்தில் நிற்கும் டிராக்டர் எல்லாம் சேர்ந்து ஒரே பிக்சலில் அடக்கம். ஆற்றங்கரை எவ்வளவு நகர்ந்தது, காடு எவ்வளவு அழிந்தது என்று பார்க்க அது நல்லது. மண் சரிவதை ரேடார் செயற்கைக்கோள் மில்லிமீட்டர் அளவில் காட்டும். தோண்டுகிறவனைப் பிடிக்க அதெல்லாம் ஆகாது.

பிப்ரவரி 11, இரவு 9.50

முதல் குறிப்பில் "போதும்" என்று எழுதினேனே, அது நான்கு நாளாக என்னைக் குடைகிறது. ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கேமரா வந்த புதிது. அதுவரை விமானத்தில் இரண்டு பேர் போவோம். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பார்ப்பார். பார்க்கிறவர் மடியில் வரைபடமும் பென்சிலும் இருக்கும். கேமரா வந்ததும் பார்க்கிறவரை இறக்கிவிட்டார்கள். எடை குறைந்தது, எரிபொருள் குறைந்தது, ஒரு சம்பளமும் குறைந்தது. படம் எல்லாவற்றையும் பிடித்துவிடும், மேசையில் நிதானமாகப் பார்க்கலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். மேசை வேலை எனக்குத்தான் வந்தது.

ஒரு வியாழக்கிழமை பறந்தார்கள். படங்கள் இருந்த வட்டு வெள்ளிக்கிழமை வண்டி ஏறியது. இடையில் விடுமுறை. திங்கட்கிழமை அதைக் கணினியில் ஏற்றிச் சீர்செய்து, வரிசைப்படுத்தி, வரைபடத்தோடு பொருத்தினார்கள். புதன்கிழமை காலை என் மேசைக்கு வந்தது. பதினோரு மணிவாக்கில் அந்தப் படத்தைத் திறந்தேன். மஞ்சள் பொக்லைன் ஒன்று, வாளி தூக்கிய நிலையில். அதன் பின்னால் புதிதாகத் தோண்டிய பள்ளம், ஈர மண் கருப்பாக. பள்ளம் எங்கள் குழாயை நோக்கி வந்துகொண்டிருந்தது. திரையில் அளந்தேன்: 14 மீட்டர் மிச்சம்.

அந்த 14 மீட்டர் வியாழக்கிழமைக் கணக்கு. நான் அளந்தது புதன்கிழமை.

தொலைபேசியில் கூப்பிட்டு ஆள் அனுப்பினோம். அவர் போய்ப் பார்த்தபோது பொக்லைன் இல்லை, பள்ளமும் இல்லை. மண் மூடி, சமன் செய்து, மேலே வண்டித் தடம்கூட விழுந்துவிட்டது. பள்ளம் எங்கள் குழாயைக் கடந்து அந்தப் பக்கம் போயிருந்தது. திறந்து பார்த்தோம். குழாயின் மேல்பூச்சு ஒரு முழ நீளத்துக்கு உரிந்திருந்தது, உலோகத்தில் வாளிப் பல்லின் கீறல். கசிவு இல்லை. கசிவு இல்லாததுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். கீறல் விழுந்த குழாய் அன்றைக்கே வெடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அமெரிக்காவில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் 1999 ஜூன் 10 அன்று பெட்ரோல் குழாய் வெடித்துச் சுமார் 9 லட்சம் லிட்டர் ஓடையில் ஓடித் தீப்பிடித்தது. இரண்டு சிறுவர்களும் ஓர் இளைஞரும் இறந்தார்கள். அந்தக் குழாயில் 1994இலேயே பக்கத்தில் நடந்த தோண்டும் வேலையில் அடிபட்டிருந்தது. ஐந்து வருடம் அடியைச் சுமந்துகொண்டே அது ஓடியது. பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியன் அருகே 2004 ஜூலை 30 அன்று 24 பேரைப் பலிகொண்ட எரிவாயுக் குழாயும் கட்டுமான வேலையில் முன்பே அடிபட்டதுதான்.

பழையபடி நான் விமானத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? விமானி ஒரு வட்டம் அடிப்பார். நான் வானொலியில் சொல்வேன். அரை மணியில் ஆள் போயிருப்பார். கேமரா என் கண்ணைவிடக் கூர்மை, ஆனால் எங்கள் வேலையை ஆறு நாள் தாமதமாக்கியது கேமராதான்.

ஆகவே "போதும்" என்பதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். விதிப்புத்தகத்துக்குப் போதும்.

பிப்ரவரி 12, காலை 7.20

பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 14 மீட்டர் இல்லை, 9 மீட்டர். இத்தனை வருடத்தில் என் நினைவு குழாயைக் காப்பாற்ற 5 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறது.

"தோண்டுமுன் அழைக்கும் எண்" பற்றிக் கேட்டிருந்தீர்கள், தோண்டப்போகிறவர் அடியில் குழாய் உண்டா என்று கேட்கும் எண். அமெரிக்காவில் அது 811. நாங்கள் இருந்த இடத்திலும் அதுபோல ஒன்று உண்டு. அந்தப் பொக்லைன்காரர் அழைத்திருந்தார். அவர் கொடுத்த முகவரி சாலையின் மறுபக்கம். மறுபக்கத்தில் எங்கள் குழாய் இல்லை என்று சரியாகவே பதில் போயிருந்தது. அன்றிலிருந்து படம் பார்க்க உட்காரும்போது அந்த வார அழைப்புகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். படத்தில் பள்ளம் இருந்து பட்டியலில் அழைப்பு இல்லாவிட்டால் உடனே தொலைபேசி. பட்டியலில் அழைப்பு இருந்து படத்தில் பள்ளம் இல்லாவிட்டால், இன்னும் தோண்டவில்லை, அல்லது வேறெங்கோ தோண்டுகிறார்கள்.

பிப்ரவரி 20, மாலை 5.45

கசிவைப் படத்தில் பார்க்க முடியுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

எண்ணெய் கசிந்தால் செடி கருகும், தண்ணீரில் பளபளப்புப் படலம் மிதக்கும், சில சமயம் மண்ணே கறுக்கும். எரிவாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது மண்ணிலுள்ள காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் மிச்சமுள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். வேர் மூச்சுத் திணறும், இலை மஞ்சளாகும். சுற்றிலும் பச்சை, நடுவில் மஞ்சள் வட்டம். அகச்சிவப்பைப் பிடிக்கும் கேமராவில் இந்த வாட்டம் கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரியத் தொடங்கும்.

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு காலத்தில் மஞ்சள் வட்டம் எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தேன். முதல் வட்டத்துக்கு ஆள் அனுப்பினேன்: மாடுகள் படுத்துப் படுத்துப் புல் செத்த இடம். இரண்டாவது: உரம் கொட்டிய இடம். மூன்றாவதற்கு அனுப்பும்போது தரைக் குழுத் தலைவர் கூப்பிட்டு, "ஐயா, இந்த முறை மாடா உரமா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கேற்ற செருப்புப் போட்டுக்கொண்டு போவேன்" என்றார். பிறகு ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஒரே படத்தை நம்புவதில்லை. போன பறப்பிலும் அதற்கு முந்தைய பறப்பிலும் அதே இடத்தைப் பார்ப்பேன். வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்து, குழாய்க் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால்தான் ஆள்.

வாயுவையே பிடிக்கும் கருவிகளும் உண்டு. மீத்தேன் 3.3 மைக்ரான் அலைநீளத்தை விழுங்கும், 1.65 மைக்ரானையும் ஓரளவு விழுங்கும். விமானத்திலிருந்து லேசரைத் தரையில் அடித்து, திரும்பி வரும் ஒளியில் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். நல்ல கருவி. காற்று பலமாக வீசினால் வாயு கலைந்துபோகும், அப்போது அதுவும் தடுமாறும்.

இன்னொன்று. குழாய் புதைத்த இடத்தில் கசிவே இல்லாமலும் ஒரு கோடு தெரியும். தோண்டி மூடிய மண் வேறு மாதிரி இறுகுகிறது, பயிர் வேறு மாதிரி வளர்கிறது. அழுத்தம் ஏற்றும் நிலையத்திலிருந்து வெளியேறும் வாயு சூடாக இருப்பதால், அதை ஒட்டிய சில கிலோமீட்டருக்குப் பனி முதலில் உருகும். தொல்லியல்காரர்களும் இதே தந்திரத்தில்தான் புதைந்த அகழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். 1920களில் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் வயலில் பயிரின் நிறத்தைப் பார்த்தே பழைய குடியிருப்புகளை வரைந்தார். நாங்கள் தேடுவது அரசர்களை இல்லை, வெல்டிங் விட்டுப்போன இடத்தை.

மார்ச் 2, இரவு 10.30

எரிவாயுக் குழாய்க் கதையைப் பிறகு சொல்கிறேன் என்றேன். விமானப் படம் விதிக்கு உண்மையாகவே உதவும் இடம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். பொக்லைன்கூட இரண்டாவதுதான்.

குழாயின் இருபுறமும் சுமார் 200 மீட்டர், நீளவாக்கில் 1.6 கிலோமீட்டர். இந்த அளவில் ஒரு செவ்வகத்தைக் குழாய் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். செவ்வகத்துக்குள் ஆள் குடியிருக்கும் கட்டடம் பத்துக்குள் இருந்தால் முதல் வகுப்பு. பதினொன்று முதல் 45 வரை இரண்டாம் வகுப்பு. 46 வந்துவிட்டால் மூன்றாம் வகுப்பு. நான்கு மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களே நிறைந்திருந்தால் நான்காம் வகுப்பு. வகுப்பு ஏற ஏற, குழாய்ச் சுவர் தாங்கக்கூடிய அழுத்தத்தில் எவ்வளவைப் பயன்படுத்தலாம் என்ற பங்கு இறங்கும்: 0.72, 0.60, 0.50, 0.40. ரோந்தும் அடிக்கடி வர வேண்டும். ஆக 45 வீடு இருந்த இடத்தில் ஒருவர் 46ஆவது வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சினால், பூமிக்குள் இருக்கும் குழாயின் சட்டநிலை மாறிவிடுகிறது. 24 மாதத்துக்குள் சோதித்து நிரூபிக்க வேண்டும், அல்லது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது குழாயை மாற்ற வேண்டும். வீடு கட்டியவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வருடத்துக்கு ஒரு முறை கூரைகளை எண்ணுவது என் வேலை. ஓரிடத்தில் 42 எண்ணினேன். போன வருடம் 39. வளர்கிறது, ஆனால் இன்னும் இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கூரை மற்றவற்றைவிட நீளம். கோழிப்பண்ணை என்று நினைத்தேன், கோழிக்கு வகுப்பு கிடையாது. ஆனால் சாலையிலிருந்து அந்தக் கூரைக்கு மெல்லிய கோடுகள் போயின. நடந்து நடந்து புல் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகள். எண்ணினேன்: ஆறு.

கோழிகள் ஆறு தனித்தனிப் பாதையில் வீட்டுக்குப் போவதில்லை.

அது ஆறு குடித்தனம் உள்ள வரிசை வீடு. விதியில் ஒவ்வொரு குடித்தனமும் தனிக் கட்டடமாகவே எண்ணப்படும். 42 கூரை, 47 கட்டடம். தரைக் குழுத் தலைவர் போய்க் கதவுகளை எண்ணிவிட்டு வந்து உறுதி செய்தார். மூன்றாம் வகுப்பு. அந்த வாரம் நிறுவனத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைவு.

மார்ச் 3, காலை 8.00

"இதையெல்லாம் இப்போது கணினியே எண்ணிவிடும்" என்று ஒருவர். எண்ணும். கூரையை எண்ணும். ஒற்றையடிப் பாதையை எண்ணு என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மார்ச் 3, மாலை 6.40

காலையில் கொஞ்சம் திமிராக எழுதிவிட்டேன். கணினிக்குப் பாதையை எண்ணவும் சொல்லிக்கொடுக்கலாம், நாள் ஆகும், அவ்வளவுதான். இரண்டு பறப்புகளின் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து மாறியதை மட்டும் காட்டும் மென்பொருள் எங்களிடமும் வந்தது. முதல் நாளில் அது காட்டிய மாற்றங்களில் பெரும்பகுதி நிழல்கள். காலையில் ஒரு பறப்பு, மாலையில் ஒன்று, மரங்கள் எல்லாம் மறுபக்கம் சாய்ந்துவிட்டதாக அதற்குத் தோன்றியது. பிறகு உழுத வயல். பிறகு துணி காய்ந்த கொடி. "புலி வருகிறது" என்று நாள் முழுவதும் கத்தினால் மூன்றாம் நாள் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எச்சரிக்கையைக் குறைக்கச் சொன்னோம், குறைத்தார்கள். அடுத்த மாதம் பச்சை நிறம் பூசிய பொக்லைன் ஒன்றைப் புதர் என்று விட்டுவிட்டது.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: மாலை நான்கு மணிக்கு மூவாயிரமாவது படத்தில் என் கண் எதையெல்லாம் விட்டதோ, அதற்குக் கணக்கே இல்லை. இயந்திரம் சோர்வதில்லை. அது முதலில் பார்த்துச் சல்லடை போட, மிச்சத்தை மனிதன் பார்ப்பது சரி என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மார்ச் 9, இரவு 9.15

படத்தில் எது தெரியாது என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் விமானம் விற்கிறவன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

குழாய்க்கு மேல் எவ்வளவு மண் இருக்கிறது என்பது தெரியாது. வயலில் ஆண்டுக்காண்டு மண் அரித்து, முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாய் ஒரு முழ ஆழத்துக்கு வந்திருக்கும். மேலே அதே பயிர், அதே பச்சை. கலப்பை தட்டும்போதுதான் தெரியும். அடர்ந்த மரத்துக்குக் கீழே நடப்பது தெரியாது. எங்கள் பாதையில் ஒரு தோப்பு இருந்தது, அதற்குள் ஒருவர் கொட்டகை போட்டு இரண்டு வருடம் வாழ்ந்தார். கண்டுபிடித்தது நடந்து போனவர்.

குழாயின் உள்ளே நடப்பது சுத்தமாகத் தெரியாது. நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் அருகே 2000 ஆகஸ்ட் 19 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து, முகாமிட்டிருந்த 12 பேர் இறந்தது உள்பக்க அரிப்பால். கலிஃபோர்னியாவில் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று எட்டுப் பேர் இறந்தது 1956இல் புதைத்த குழாயின் மோசமான வெல்டிங்கால். அந்த இரண்டு இடத்துக்கும் மேலே தினமும் பறந்திருந்தாலும் அழகான படங்கள்தான் கிடைத்திருக்கும். உள்ளே பார்க்க, குழாய்க்குள்ளேயே ஓடும் கருவியை அனுப்ப வேண்டும். தொழிலில் அதற்குப் பெயர் "பிக்", பன்றி. மேலே விமானம், உள்ளே பன்றி, நடுவில் நாங்கள்.

ஆறு கடக்கும் இடம் இடைப்பட்ட ரகம். யெல்லோஸ்டோன் ஆற்றில் 2011 ஜூலை 1 அன்று வெள்ளம் ஆற்றுப் படுகையை அரித்து, வெளியே தெரிந்த எண்ணெய்க் குழாய் முறிந்தது. தண்ணீருக்குக் கீழே அரிப்பதைப் படம் காட்டாது. ஆனால் பத்து வருடப் படங்களை வரிசையாக வைத்தால், கரை எந்தப் பக்கம் தின்னப்படுகிறது என்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். அங்கே ஆழம் அளக்க ஆள் அனுப்பு என்று படம் சொல்லும். அளப்பது படத்தின் வேலை இல்லை.

மார்ச் 17, மாலை 7.05

தணிக்கையில் படத்தை எடுத்துப் போட்டால் போதாதா என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. எடுத்துப் போட்டோம். கேளுங்கள்.

ஒரு வருட ரோந்துப் படங்கள் முழுவதையும் பெருமையாக ஆய்வாளர் முன் வைத்தோம். அவர் படத்தைப் பார்க்கவில்லை, படத்தின் ஓரத்தில் கேமரா பதிந்த தேதியைப் பார்த்தார். இரண்டு பறப்புகளுக்கு இடையே 22 நாள். மூன்று வாரம் என்றால் 21. எங்கள் பதிவேட்டில் 21 என்று இருந்தது. யார் பொய் சொல்கிறார்கள்? அரை நாள் தேடியபின் தெரிந்தது: கேமராக் கடிகாரம் வேறொரு நேர மண்டலத்தில் இருந்தது. மாலையில் எடுத்த படத்துக்கு மறுநாள் தேதி விழுந்திருந்தது. ஜிபிஎஸ் நேரத்தை வைத்து நிரூபித்துத் தப்பினோம்.

கதை அதோடு முடியவில்லை. அவர் அடுத்ததாக ஒரு படத்தை எடுத்தார். ஓரத்தில் ஒரு மண்குவியல். "இது என்ன?" தெரியாது. "யார் பார்த்தார்கள்?" நான். "பார்த்து என்ன செய்தீர்கள்?" பதிவு இல்லை. நான் அதைப் பார்த்து, உரக்குவியல் என்று முடிவுசெய்து, அடுத்த படத்துக்குப் போயிருப்பேன். சரியாகவும் இருந்திருக்கலாம். எழுதிவைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், ஏட்டிலும் இல்லாத சுரைக்காய் எனக்கு உதவவே இல்லை. படமே இல்லாதிருந்தால் அந்தக் குவியல் யாருக்கும் தெரியாது, கேள்வியும் இல்லை. படம் இருந்ததால் "உங்களுக்குத் தெரிந்திருந்தது" என்றாகிவிட்டது.

இதைச் சொன்னால் சிலர், அப்படியானால் குறைவாக எடுப்போம், சீக்கிரம் அழித்துவிடுவோம் என்று கிளம்புவார்கள். அன்றைக்கு எங்கள் கூட்டத்திலும் ஒருவர் கிளம்பினார். கண்ணை மூடிக்கொண்ட பூனைக்கு உலகம் இருண்டதாம்.

மார்ச் 18, காலை 7.50

ட்ரோன் பற்றிய ஒரு துணைக்கேள்விக்குச் சுருக்கமாக: ட்ரோன் நல்லது, வால்வு நிலையம், ஆறு, சரிவு போன்ற ஒற்றை இடங்களுக்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொதுவாக 120 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, இயக்குபவரின் பார்வைக்குள் இருக்க வேண்டும், விலக்குக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ட்ரோனைப் பார்த்துக்கொண்டே ஆள் பின்னால் போவதென்றால், அவரே குழாயையும் பார்த்துவிடலாம்.

மார்ச் 26, இரவு 11.30

விமானத்தில் வாந்தி வருமா என்று கேட்டவருக்கு: வரும். தரையை ஒட்டிப் பறந்துகொண்டே தலையைக் குனிந்து வரைபடத்தில் எழுதினால் யாருக்கும் வரும். 1858இல் பாரிஸுக்கு அருகே பலூனில் ஏறி முதல் வான்படத்தை எடுத்த நாடாருக்கு இந்தக் கவலை இருந்திருக்காது, பலூன் காற்றோடு போகும். என் நோட்டில் சில பக்கங்கள் இப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திறக்க மாட்டேன்.

ஏப்ரல் 8, மாலை 6.20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அப்படியானால் உங்கள் கடைசிப் பதில் என்ன, நடக்க வேண்டுமா வேண்டாமா?" என்கிறார்.

ஒப்பந்தத்தை நான் எழுதினால் எத்தனை முறை பறக்க வேண்டும் என்பதைக் கடைசியாகத்தான் எழுதுவேன். முதல் வரி: விமானம் இறங்கிய அன்றே ஒருவர் படங்களைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். இரண்டாவது: கண்ட ஒவ்வொன்றுக்கும் என்ன முடிவு எடுத்தார் என்று ஒரு சொல்லாவது எழுத வேண்டும், "உரம்" என்றாலும் சரி. மூன்றாவது: தொலைபேசியை எடுத்துப் பேசி, ஒரு மணிக்குள் அங்கே போய் நிற்கக்கூடிய ஆள் ஒவ்வொரு பகுதியிலும் இருக்க வேண்டும். அவர் தினமும் நடக்கிறாரா, வண்டியில் போகிறாரா என்பது எனக்குப் பெரிதில்லை. இருக்க வேண்டும்.

இன்னும் பறந்துகொண்டிருக்கும் பழைய கூட்டாளி ஒருவர் போன வாரம் பேசினார். அவர்கள் நிறுவனத்தில் இப்போது கேமராவும் இருக்கிறது, பக்கத்து இருக்கையில் ஆளையும் திரும்ப ஏற்றிவிட்டார்கள். வேலி போட ஒருவர் துளைக் கருவியால் குழி போட்டுக்கொண்டிருந்தாராம், குழாய்க் கோட்டை நோக்கியே. விமானம் ஒரு வட்டம் அடித்தது. கீழே இருந்தவர் கையசைத்தார். இன்னொரு வட்டம். இன்னொரு கையசைப்பு. நாற்பது நிமிடத்தில் தரை ஆள் போய் நிறுத்தினார். மூன்று குழி போட்டிருந்தார், நான்காவது குழிதான் சரியாகக் குழாய்க்கு மேலே வந்திருக்கும். ஏன் நிறுத்தாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "படம் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றாராம்.

எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் மேசைக்கு வர இரண்டு நாள் ஆனதாம். எனக்கும் அனுப்பி வைத்தார். மேலிருந்து பார்த்தால் அவர் ஒரு புள்ளிதான். ஆனால் காலை வெயில், நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. நிழலில் தூக்கிய கை தெளிவாகத் தெரிகிறது.